45 நாள் என்பது சலுகையன்று

ராஜ்கோட்டில் இயந்திர உதிரிபாகம் செய்யும் பட்டறையாயினும், லூதியானாவில் பின்னலாடை தைக்கும் கூடமாயினும், சிறுதொழில் நடத்துவோரின் கவலை ஒன்றே: சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் வந்தபாடில்லை. தொழிலாளரின் சம்பள நாளும் கேஷ் கிரெடிட் கணக்கின் வட்டியும் காத்திருப்பதில்லை. வற்புறுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் கைநழுவிவிடுமோ என்ற அச்சம் வேறு. வாங்கியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டு, அதற்குரிய வட்டியை நாம் வங்கியில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய பணம் எப்போது தரப்பட வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பின் அதில் குறித்த நாளுக்குள். அந்நாளும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேற்படக் கூடாது. ஒப்பந்தம் இல்லையேல் கெடு 15 நாளே. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். வங்கி விகிதம் 6 சதவீதமெனில் வட்டி 18 சதவீதம். மாநிலங்களில் அமைந்த வசதியாக்கல் மன்றத்தில் முறையிடலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் செல்வாரெனில், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் செலுத்தியாக வேண்டும்.

இத்துணை வலிமையான சட்டத்தைப் பலர் நாடாததற்குக் காரணம் உண்டு. தம் வாடிக்கையாளர் மீதே புகார் கொடுக்கும் துணிவை அது விற்பவரிடம் எதிர்பார்த்தது. அந்தத் துணிவின் விலை, இழக்கும் ஆர்டர்.

2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வேறு வழியில் சென்றது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் அது சேர்த்த (எச்) உட்பிரிவு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் செலுத்தாத தொகையை, பணம் உண்மையில் செலுத்தப்படும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க இயலும். 25 சதவீத வரி கட்டும் நிறுவனம் ஆண்டு முடிவில் கெடு கடந்த 10 லட்சம் ரூபாயை நிறுத்தி வைத்தால், அவ்வாண்டில் மட்டும் இரண்டரை லட்சம் ரூபாய் வரி கூடும். விற்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை; வாங்கியவரின் தணிக்கையாளரே கேட்டுவிடுவார்.

இதனால் பெரிய நிறுவனங்கள் பதிவில்லாதவரிடமோ நடுத்தர நிறுவனங்களிடமோ கொள்முதலை மாற்றிக்கொள்ளும் என்போர் உளர். அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும், கெடுவைத் தளர்த்துவது தீர்வாகாது என்பதே நம் கருத்து. நடுத்தர நிறுவனங்களுக்கும் இக்காப்பை விரித்தால் அத்தகைய ஒதுக்கலுக்குக் காரணம் குறையும்.

250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸ் தளத்தில் 2025 மார்ச் 31க்குள் இணைய வேண்டும் என்ற 2024 நவம்பர் அறிவிக்கையும் வரவேற்கத்தக்கது. வாங்கியவர் ஏற்ற பில்லின் பேரில் அத்தளத்தில் வங்கிகள் போட்டியிட்டுப் பணம் தருகின்றன. வாங்கியவர் பிறகு தவறினாலும் விற்றவரிடம் திரும்பக் கேட்பதில்லை. ஆனால் அந்த அறிவிக்கை இணைவதைக் கட்டாயமாக்கியதே தவிர, ஒவ்வொரு பில்லையும் ஏற்பதைக் கட்டாயமாக்கவில்லை. அடுத்த அடி அதுவாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. ஒப்பந்த நாளிலேயே பதிவு இருந்திருக்க வேண்டும் என்று 2022இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மன்றத்தை அணுக முன்பதிவு கட்டாயமன்று என்று 2025 ஜனவரியில் என்.பி.சி.சி. வழக்கில் கருதிய அமர்வு, இறுதி முடிவை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு விட்டது. இந்த விவாதத்தில் நம் பில் சிக்காதிருக்க, முதல் ஆர்டருக்கு முன்பே உத்யம் பதிவு செய்வதே அறிவுடைமை, அதற்குக் கட்டணமில்லை. பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடுக. பணம் தரவேண்டிய நாளை எழுத்தில் பெறுக. சரக்கை ஏற்றதற்கான கையொப்பத்தைப் பாதுகாத்திடுக. சரக்கை வாங்கி விற்கும் வணிகர் மட்டும், உத்யம் பதிவு தமக்கு முன்னுரிமைக் கடனுக்கே உதவும், இக்காப்பைத் தராது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. நாமும் வாங்குபவரே. பெரிய நிறுவனம் தாமதித்ததைக் காரணமாகக் காட்டி, நமக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் இரண்டு பேர் பட்டறையின் பணத்தை நிறுத்தி வைக்கிறோம். அவருக்கும் 45 நாள்தான். மேலிருப்பவரிடம் நாம் கேட்கும் நேர்மை, நம் மேசையில் கிடக்கும் அவருடைய பில்லிலிருந்து தொடங்கட்டும்.