உடைந்த கண்ணாடியும் உடையாத அலட்சியமும்

முருகைக்கல் வளர்க்கும் கடல்மீன் தொட்டியின்மேல் தொங்கும் விளக்குப் பெட்டியின் அடிக்கண்ணாடி உடைந்துவிட்டால் என்ன செய்வது? "ஒன்றும் செய்ய வேண்டாம். கண்ணாடி இல்லாமலே எரிய விடுங்கள். வெளிச்சம் கூடும், முருகைக்கல் செழிக்கும்." ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகனுக்கு ஒரு கடைக்காரர் வழங்கிய ஆலோசனை இது. விளக்கை விற்றவரும் அவரே.

இது அறியாமையா, அலட்சியமா என்று நான் ஆராயப் போவதில்லை. விளைவு ஒன்றுதான்.

மெட்டல் ஹேலைட் எனப்படும் உலோக ஏலைட்டு விளக்குகள் இருவகைப்படும். ஒரு முனையில் திருகு உள்ளவற்றில், எரியும் குவார்ட்ஸ் குழாயைச் சுற்றி வன்கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. ஊதாக்கடந்த கதிர்களில் (தமிழகத்தார் புற ஊதா என்பர்) தீங்கு மிகுந்த பகுதியை அதுவே தடுத்துவிடும். இரு முனைகளிலும் பொருத்தப்படும் 150, 250 வாற்று விளக்குகளின் சங்கதி வேறு. அவற்றுக்கு வெளியுறை இருந்தாலும் அதுவும் குவார்ட்ஸே. குவார்ட்ஸ் அக்கதிர்களைத் தாராளமாக வெளியே விடும். ஆகவே பெட்டியின் அடியில் உள்ள கண்ணாடி அழகுக்கோ தூசுக்கோ வைக்கப்பட்டதல்ல. விளக்கின் மூன்றில் ஒரு பங்கு அதுதான் என்று சொன்னாலும் தகும்.

அது இல்லாமல் எரியவிட்டால் முதலில் வெளிறுவது கடைக்காரர் செழிக்கும் என்ற அந்த முருகைக்கல்தான். அடுத்தது மனிதரின் கண். கருவிழியின் மேற்பரப்பு எரிந்துபோகும். கொடுமை என்னவென்றால், அந்த வலி உடனே தெரிவதில்லை. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவிலே, கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் தொடங்கும். மாலையில் தொட்டிக்கு முன்னே முகத்தை வைத்து மீன் பார்த்த பிள்ளையின் கண்வலிக்கு அந்த விளக்கே காரணம் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. வெளிக்குமிழ் உடைந்த இத்தகைய விளக்குகளின்கீழ் விளையாட்டு மண்டபங்களில் நின்றவர்கள் கண்ணும் தோலும் எரிந்து வருந்தியதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பதிவு செய்துள்ளது. வெளிக்குமிழ் உடைந்தால் 15 நிமிடங்களுக்குள் தானே அணைந்துவிடும் விளக்குகளை அந்நாட்டு விதிகள் தனியே வகைப்படுத்தி அடையாளமிடுகின்றன. கடைக்காரருக்கு இவையெல்லாம் தெரியாதா?

இன்னொன்றும் உண்டு. ஆயுள் முடியும் தறுவாயில் இவ்விளக்குகளின் உட்குழாய் வெடிப்பதுண்டு. ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உள்ள துண்டுகளும் உள்ளிருக்கும் இரசமும் தொட்டிக்குள் விழாமல் தாங்குவதும் அதே கண்ணாடிதான்.

"சாளரக் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் போதும்" என்பார் வேறொரு மேதை. இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. சாதாரண கண்ணாடியும் கொடிய கதிர்களைப் பெருமளவு தடுக்கும். ஆனால் அந்த வெப்பத்தில், ஒரு துளி உப்புநீர் தெறித்தாலே வெடிக்கும். அக்ரிலிக் தகடோ இளகித் தொங்கும். வேண்டியது வெப்பத்தால் பதப்படுத்திய கண்ணாடி, அல்லது போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி. பின்னையது சூட்டில் விரிவது சாதாரண கண்ணாடியின் மூன்றில் ஒரு பங்கு அளவே. பதப்படுத்தியதைப் பின்னர் வெட்ட முடியாது, வெட்டினால் பொடிப்பொடியாகும். அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்த பிறகே பதப்படுத்த வேண்டும். எனவே கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் சட்டத்தைச் சரியாக அளந்து, விரிவதற்கு ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, தடிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். வந்து சேரும்வரை விளக்கை மூட்டக் கூடாது. சில நாள்களுக்கு வேறு விளக்கு போதும், முருகைக்கல் சாகாது.

என் கோபம் கடைக்காரரோடு நிற்கவில்லை. பெட்டியைச் செய்த நிறுவனத்துக்கு மருமகன் எழுதியபோது, அந்த வகை நிறுத்தப்பட்டுவிட்டது, புதிய எல்ஈடி விளக்கை வாங்குங்கள் என்று பதில் வந்தது. எல்ஈடி நல்லதாகவே இருக்கட்டும். பழைய பெட்டிகள் கைமாறி இன்னும் எத்தனையோ வீடுகளில் எரிகின்றனவே! உதிரிக் கண்ணாடி விற்க மனமில்லாவிட்டால், அதன் நீளம், அகலம், தடிப்பு, வகை ஆகிய நான்கையும் பெட்டியின் மேலேயே ஒரு வரியில் பொறித்துவிட என்ன செலவாகும்?