பதக்கம் யாருக்கு? சீருடை எதற்கு?

ஆண்டுதோறும் செப்டம்பர் 3ஆம் நாளைப் பொலிஸ் தினமாக இந்நாட்டு அரசினர் கொண்டாடுகின்றனர். அணிவகுப்பு நடைபெறுகிறது. பித்தளைப் பொத்தான்கள் பளபளக்கின்றன. சப்பாத்துகளில் முகம் பார்க்கலாம். மார்புகளில் பதக்கங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஒழுங்கும் துப்புரவும் கட்டுப்பாடும் காவற் பணிக்கு வேண்டியவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பதக்கங்கள் எதை அளக்கின்றன? அந்தச் சீருடை யாருக்குப் பொறுப்புச் சொல்கிறது? இவ்விரண்டு வினாக்களையும் கேட்கும் உரிமை வரி செலுத்தும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அவ்வுரிமையோடு நாம் கேட்கிறோம்.

1866ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் காம்பெல் துரை இலங்கைப் பொலிசின் தலைமையை ஏற்றார். அதற்கு ஈராண்டு முன்னர், 1864 மார்ச் 21ஆம் நாள், சரதியேல் என்னும் பேர்பெற்ற கொள்ளைக்காரனைப் பிடிக்கச் சென்ற சபான் என்ற மலாய் இனத்துக் காவலர் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர் நீத்த முதற் காவலராக அவரை இன்றும் நினைவு கூருகின்றனர். அது தகும். ஊரைக் காக்கப் போய் உயிரைக் கொடுத்தவனுக்கு எந்த இனத்தவரும் தலை வணங்குவர். பதக்கம் என்ற ஒன்று இருக்குமானால் அது இத்தகையோருக்கு உரியது.

ஆங்கிலேயர் 1909இல் மன்னரின் பொலிஸ் பதக்கத்தையும், 1938இல் குடியேற்ற நாட்டுப் பொலிஸ் பதக்கத்தையும் ஏற்படுத்தினர். வீரத்துக்கும் சிறந்த சேவைக்கும் என்று அவற்றுக்கு விதி வகுத்தனர். ஆயினும் அவற்றில் பொறித்திருந்தது மன்னரின் முகம், மக்களின் முகமன்று. சீருடையின் கதையும் இதுவே. 1829இல் இலண்டன் மாநகரப் பொலிசை அமைத்தபோது, அவர்களுக்கு நீல உடையைத் தேர்ந்தனர். செந்நிறம் போர்ப்படையின் நிறம். காவலன் போர்வீரன் அல்லன் என்று மக்கள் கண்டதும் அறிய வேண்டும் என்பதே நோக்கம். தமது மக்களுக்கு இவ்வாறு நீலம் கொடுத்தவர்கள், ஆளப்பட்டோருக்கு அனுப்பியது காக்கியை. காக்கியோ பஞ்சாப் எல்லையில் ஆங்கிலப் படைக்கெனப் பிறந்த நிறம். வேற்றுமை துணியில் மட்டும் இல்லை, எண்ணத்திலும் இருந்தது.

நமது கிராமங்களிலே அந்நாளில் அமைதி காத்தவர் பெரும்பாலும் விதானையாரே. மாட்டுக் களவாயினும் வேலிச் சண்டையாயினும் அவர் நம் மொழியில் கேட்டார். நம் மொழியில் தீர்த்தார். அம்முறையிலும் குறைகள் பல இருந்தன. 1963இல் அது ஒழிக்கப்பட்டதற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால், காவல் என்பது முறையிடுபவனின் மொழியை அறிந்திருக்க வேண்டும் என்ற எளிய உண்மை அதனோடு சேர்த்து ஒழிக்கப்பட்டதே, அதைத்தான் குறை கூறுகிறோம்.

சுதந்திரம் வந்தது. 1947இல் சேர் றிச்சட் அலுவிகார முதலாவது இலங்கையராகப் பொலிஸ் மா அதிபரானார். 1952இல் பெண்களும் பொலிசில் சேர்க்கப்பட்டனர். நல்ல தொடக்கமே. ஆனால், நேர்மைக்கு நேர்ந்தது யாது? பிரதமர் பண்டாரநாயக்காவின் விருப்பத்துக்கு வளைந்து பொலிசை நடத்த மறுத்த ஒஸ்மண்ட் டி சில்வா 1959இல் பதவியினின்றும் நீக்கப்பட்டு ஓய்வில் அனுப்பப்பட்டார். அவ்விடத்தில் பொலிஸ் சேவையைச் சேராத ஒரு சிவில் அதிகாரி அமர்த்தப்பட்டார். சட்டத்துக்குத் தலைவணங்கியவருக்குக் கிடைத்த பரிசு வீடு! அன்று முதல் ஒவ்வொரு பொலிஸ் அதிகாரியும் பாடம் கற்றுக்கொண்டான்.

1974 ஜனவரி 10ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சி மாநாட்டுக்குத் திரண்டிருந்த மக்கள்மீது பொலிசார் பாய்ந்தனர். மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் பலியாயின. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெற்சர் தலைமையிலான மக்கள் விசாரணைக் குழு பொலிசார்மீது குற்றம் கண்டது. அரசு விசாரித்ததா? இல்லை. 1981இல் யாழ். பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது, எரித்தவர்களுள் காக்கி அணிந்தவர்களும் இருந்தனர். காக்க வந்த சீருடை கொளுத்த நின்ற இரவு அது.

இவை தமிழர் என்பதால் நேர்ந்தவை, தெற்கில் அவ்வாறில்லை என்று நினைப்போர் 1983ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கட்டும். ‘பவிதி ஹண்ட’ துண்டுப் பிரசுரங்களைப் பறித்த பொலிஸ் அத்தியட்சகர் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் அவ்வாண்டு பெப்ரவரியில் தீர்த்தது. நட்டஈடு 10,000 ரூபா. அரசு செய்தது என்ன? அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. நட்டஈட்டைப் பொதுப் பணத்திலிருந்து கட்டியது! விவியன் குணவர்த்தனா வழக்கிலும், அவரைக் கைது செய்தது சட்டவிரோதம் என்று ஜூனில் தீர்ப்பு வந்ததும் சம்பந்தப்பட்ட அதிகாரி உயர்த்தப்பட்டார். தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீட்டு வாசலில் காடையர் கூச்சலிட்டனர். அடுத்த மாதம் ஜூலை. அம்மாதம் தெருவில் நடந்ததை நாம் மீண்டும் எழுத வேண்டியதில்லை. நீதிமன்றத் தீர்ப்பை மிதித்தவனுக்கு ஜூனில் பரிசளித்த அரசின் காவலர், ஜூலையில் யாரைக் காப்பர்?

அந்த ஜூலையில் பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ருத்ரா இராஜசிங்கம் என்ற தமிழர். சிந்தியுங்கள்! பொலிசில் தமிழரைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோருக்கு இதுவே விடை. சீருடைக்குள் இருப்பவன் யார் என்பது ஒன்று. அச்சீருடை யாருடைய கட்டளைக்கு அசைகிறது என்பது மற்றொன்று.

போர் முடிந்த பின்னர் கிழக்கு மனிதாபிமான நடவடிக்கைப் பதக்கம், வடக்கு மனிதாபிமான நடவடிக்கைப் பதக்கம் என்று படையினருக்குப் பதக்கங்கள் வார்க்கப்பட்டன. முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் காதில் ‘மனிதாபிமானம்’ என்ற சொல் எவ்வாறு ஒலிக்கும் என்று வார்த்தவர் எவரேனும் எண்ணினரா?

இன்றைய நிலை மாறிவிட்டதா? ஒருவரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறினார் என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கண்ட தேசபந்து தென்னக்கோன், 2024 பெப்ரவரியில் நிரந்தரப் பொலிஸ் மா அதிபரானார். 2024 ஜூலையில் நீதிமன்றம் அவரைத் தடுத்தது; 2025 ஆகஸ்ட் 5ஆம் நாள் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது. நீக்கியதை வரவேற்கிறோம். ஆனால், தீர்ப்பு வந்த பின்னரும் அவர் தோளில் உச்சச் சின்னத்தைச் சூட்டிய கை எது? அக்கைக்கு என்ன தண்டனை?

வட்டுக்கோட்டையில் 2023 நவம்பரில் பொலிஸ் காவலில் இருந்த இளைஞர் இறந்தார். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை இழந்த பண்ணையாளர் அதே ஆண்டு செப்டம்பரில் தெருவுக்கு வந்தனர். வவுனியா வெடுக்குநாறி மலையில் 2024 சிவராத்திரி நாளில் வழிபட்டோர் 8 பேர் கைதாகினர். சில நாட்களில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பசுவை இழந்தவன் முறையிட்டால் வராத சீருடை, பக்தன் பூசை செய்தால் வருகிறது!

இதற்கு மருந்து புதிதாகத் தேட வேண்டியதன்று. 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தம் மாகாணப் பொலிஸ் பிரிவை அமைக்கச் சொல்கிறது. அதில் ஒரு விதியைச் சட்டத்தரணிகள் நினைவிற் கொள்க: தேசியப் பிரிவைச் சேர்ந்தோர் சாதாரணமாகச் சீருடையின்றிக் குடிமக்கள் உடையிலேயே இருத்தல் வேண்டும். அதாவது, நம் தெருவில் நாள்தோறும் காணும் சீருடை மாகாணத்துக்குரியது. அரசியலமைப்பே அவ்வாறு சொல்லியிருக்க, கொழும்பின் காக்கி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இத்தனை ஆண்டுகளாக நிற்பது ஏன்? நாம் பிரிவினை கேட்கவில்லை. எழுதிய சட்டத்தை நடத்தும்படி கேட்கிறோம்.

அதுவரையும் வேண்டுவன இவை: உரிமை மீறினார் என்று உயர் நீதிமன்றம் கண்டவருக்குப் பதக்கமோ பதவி உயர்வோ கூடாது. நட்டஈட்டை அவரே தம் சம்பளத்திலிருந்து செலுத்த வேண்டும். ஒவ்வொரு சீருடையிலும் பெயரும் எண்ணும் தமிழிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். தமிழில் சொன்ன முறைப்பாடு தமிழிலேயே எழுதப்பட வேண்டும்.

கற்றோரே, உழவரே! இதில் நமக்கும் கடமை உண்டு. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர். எழுதியவரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் எழுத்தறியாதவனுக்குத் துணையாகப் பொலிஸ் நிலையத்துக்குச் செல்லட்டும்.

பொலிஸ் திணைக்களத்தின் குறிக்கோள் வாசகம் பாலி மொழியில் அறத்தைப் பற்றிப் பேசுகிறது. அறத்தைத் தொப்பியில் சூடினால் போதாது. நடத்தையில் காட்ட வேண்டும். இரவு வேளையில் தனியாக வரும் பெண், காக்கியைக் கண்டதும் அஞ்சாமல் ஆறுதல் கொள்ளும் நாளே பொலிசுக்கு உண்மையான பதக்க நாள். அந்நாள் வரும்வரை, மார்பில் தொங்குவது வெறும் உலோகமே!