கோயில் கல் போன இடம்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முக்கால் மணி நேரத்துக்குள் வண்டி ஏறிவிடுகிறார்கள். சாமி கும்பிட்டாகிவிட்டது, நந்தி அருகில் நின்று ஒரு படம், சிங்கக் கிணற்றின் வாசலில் இன்னொரு படம், போகிற போக்கில் "தஞ்சாவூரை விடக் கொஞ்சம் சின்னது" என்று ஒரு தீர்ப்பு. அப்பன் ராஜராஜனைவிட ஒரு படி கீழே நிற்கவே மகன் ராஜேந்திரன் விரும்பினான் என்று யாராவது ஒருவர் கதையும் சொல்லி முடித்திருப்பார். இங்கே பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி கோயிலுக்கு வெளியே கிடக்கிறது. அதிலும் ஒரு பங்கு ஆற்றுக்குள் இருக்கிறது.

பெரம்பலூரில் குடியிருப்பவன் நான். வெளியூர் உறவுகள் வந்து இறங்கினால் ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில்தான். திங்கள் வெள்ளியாக இருந்தால் சிறுவாச்சூர் மதுரகாளி. மற்ற நாளில் பெரும்பாலும் அவள் நடை திறப்பதில்லை. இல்லையென்றால் வாலிகண்டபுரம் சிவன் கோயில், கூடவே ரஞ்சன்குடிக் கோட்டை. முழு நாள் கையில் இருந்தால்தான் சோழபுரம். அது பக்கத்து மாவட்டம் என்பார்கள். 2001-இல் அரியலூரைப் பிரித்தார்கள், 2002-இல் சேர்த்தார்கள், 2007-இல் மறுபடி பிரித்தார்கள். எங்களுக்கு இன்னும் அது உள்ளூர்தான்.

போன மாதம் வந்தவன் தங்கை மகன். சென்னையில் வேலை. கோயிலுக்குள் அவனை நேராக வடக்கு வாசல் படிக்கட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே சண்டேசருக்குச் சிவன் தலையில் பூமாலை சுற்றிவிடுகிறார். பக்கத்தில் உமை. கீழே கைகூப்பிக் குனிந்திருக்கும் சண்டேசர் முகத்தில் ராஜேந்திரனையே பார்க்கிறவர்கள் உண்டு. வெற்றி மாலையைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளாமல் கடவுள் கையால் வாங்கிக்கொண்ட அரசன் என்று பொருள் சொல்வார்கள். அது உண்மையோ இல்லையோ, அந்த மாலையின் சுற்றலைப் பார்த்தால் கல் என்று நம்பத் தோன்றாது. எதிர்ப்புறம் ஞான சரஸ்வதி. உள்ளே ஒரே கல்லில் செதுக்கிய நவக்கிரக பீடம். சாளுக்கிய நாட்டிலிருந்து வந்த வெற்றிச் சின்னம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், ஊர்ப் பெண்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் சுற்றி வருகிறார்கள். வெளியே இருக்கும் பெரிய நந்தி ஒற்றைக் கல் அல்ல, சுதை வேலை. இதை மருமகனிடம் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

யுனெஸ்கோ தஞ்சைப் பெரிய கோயிலை 1987-இல் பட்டியலில் சேர்த்தது. இந்தக் கோயிலும் தாராசுரமும் 2004-இல்தான் சேர்ந்தன. ஆடித் திருவாதிரை ராஜேந்திரன் பிறந்த நட்சத்திரம். 2025-இல் அந்த விழாவுக்குப் பிரதமரே வந்தார், நாணயம் வெளியிட்டார்கள். ஐப்பசிப் பௌர்ணமியில் பெருவுடையாருக்கு நூறு மூட்டை அரிசி வடித்து அன்னாபிஷேகம் செய்வார்கள், அன்றும் கூட்டம் தாங்காது. மற்ற நாட்களில் புல்வெளியும் காற்றும்தான்.

கோயில் நிற்கிறது, நகரம் எங்கே என்றான் மருமகன். நியாயமான கேள்வி. கங்கைக் கரை வரை படையை அனுப்பிவிட்டு, 1025 வாக்கில் ராஜேந்திரன் தஞ்சையை விட்டு இங்கே வந்தான். 1279-இல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் கதை முடியும் வரை, ஏறக்குறைய 250 ஆண்டு, தென்னாட்டின் பெரிய தலைநகரம் இது. சுற்றுப்பட்டு ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. மினிபஸ் நடத்துனர் வாயில் தினமும் வந்து போகிற நகர வரைபடம் இது. மாளிகைமேட்டில் 1980-களிலும் பிறகு இந்தப் பத்தாண்டிலும் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியது. செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. சுவர்களில் பெரும்பகுதி இல்லை. செங்கலை யார் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ராஜேந்திரன் அரண்மனைச் செங்கல்லில் எத்தனை வீட்டுத் திண்ணைகள் எழும்பினவோ!

செங்கல்லை மன்னித்துவிடலாம். தேவைப்பட்டவன் எடுத்தான். கருங்கல் கதை வேறு.

கோயிலின் கிழக்குக் கோபுரம் அடித்தளத்தோடு நிற்கிறது. இரண்டு அடுக்காக ஓடிய திருச்சுற்று மாளிகையில் மிச்சம் கொஞ்சம்தான். பாண்டியர் படை இடித்தது, மாலிக் காபூர் இடித்தான் என்று மரத்தடியில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். சுற்றுச்சுவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். இந்தப் பக்கம் கருங்கல் பாறை கிடையாது. ராஜேந்திரன் கல்லைத் தொலைவிலிருந்துதான் கொண்டு வர வேண்டியிருந்தது. எண்ணூறு ஆண்டு கழித்து, 1836-இல், ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியவர்களுக்கும் அதே கல் பஞ்சம். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. செதுக்கி, அளந்து, சதுரம் பார்த்த கல் சற்று வடக்கே அடுக்கியே இருந்தது.

1855-இல் அச்சான ஓர் ஆங்கிலக் குறிப்பு இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாற்றில் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். சுவரை இடிக்க வந்தபோது ஊர் ஏழைகள் தடுத்துப் பார்த்தார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கல் சுவருக்குப் பதில் செங்கல் சுவர் எழுப்பித் தருகிறோம் என்று ஒரு வாக்கும் கிடைத்தது. வாக்கு வாக்காகவே நின்றுவிட்டது.

அதே குறிப்பில் சோழகங்கம் ஏரியும் வருகிறது. கங்கை நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாராட்டும் ஏரி, இன்று பொன்னேரி. வடக்கு தெற்காகப் பதினாறு மைல் கரை, தெற்கே கொள்ளிடத்திலிருந்தும் வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் வாய்க்கால். 1855-லேயே அது பாழாகி, ஏரிக்குள் காடு மண்டியிருந்தது. இப்போது கரைமேல் நின்றால் ஒரு பக்கம் கொஞ்சம் தண்ணீர், மறு பக்கம் வயல். கடல் தாண்டிக் கடாரம் போனவன் வெட்டிய ஏரி என்று சொன்னால்தான் தெரியும்.

பிறகு கீழணை இருக்கும் அணைக்கரைக்குப் போனோம். கும்பகோணம் சாலையில் தெற்கே போனால் கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடம். பழைய அணைப்பாலம் குறுகல், எதிரே வண்டி வந்தால் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும்போது மதகுகளைப் பார்க்க நேரம் கிடைத்தது. எந்தக் கல் கோயில் கல் என்று என் கண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. இங்கிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரிக்குப் போகிறது. பராந்தக சோழன் காலத்தில் இளவரசன் ராஜாதித்தன் வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரி அது. 2004-இலிருந்து வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது.

"அப்ப நாங்க குடிக்கிற தண்ணி கோயில் கல்லைத் தொட்டுக்கிட்டு வருதா மாமா?" என்றான்.

தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அதனால்தான் இந்த இடிப்பை மேடையில் பேசுகிறவர்கள்போல வெறும் கொள்ளை என்று என்னால் முடித்துவிட முடியவில்லை. கீழணை இல்லாவிட்டால் கடலூர் மாவட்டத்தில் எத்தனை வயல் காய்ந்திருக்கும்! ஆனால் காட்டனைத் தெய்வமாக்குகிறவர்களோடும் என்னால் உட்கார முடியாது. தண்டனை வாங்கிய அந்த ஏழைகள் யார், எந்தத் தெரு, ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. சுவர்க் கல்லில் என்ன எழுதியிருந்தது? சோழர் கோயில் சுவர் என்றால் நிலக்கணக்கும் விளக்குக்கு விட்ட ஆடும் இல்லாமலா இருக்கும்? படித்து வைக்காமலே எடுத்துப் போனார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இடிப்பதற்கு ஒரு முறை உண்டு. அதை அறிய அரியலூர் மாவட்டத்திலேயே, கொள்ளிடத்தின் வடகரையோடு மேற்கே போனால் போதும். போகிற வழியில் ஸ்ரீபுரந்தான். அந்த ஊர்க் கோயில் நடராசரைத் திருடி விற்றார்கள், ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சியகம் 2008-இல் வாங்கி வைத்திருந்தது. திருட்டுக்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த புகைப்படம் கைகொடுத்தது. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. இன்னும் மேற்கே ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் இருந்து தமிழ் வளர்த்த திருக்காவலூர். அதற்கு ஒரு தனி வாரம் வேண்டும். அப்புறம் திருமழபாடி.

திருமழபாடி என்றால் எல்லோருக்கும் பங்குனியில் நடக்கும் நந்தி கல்யாணம்தான் நினைவு வரும். அதைப் பார்த்தவர்களுக்கு முந்திக் கல்யாணம் என்று பெண்ணைப் பெற்றவர்கள் திரண்டு வருவார்கள். நான் மருமகனைக் கூட்டிப் போனதற்கு அது காரணம் அல்ல, அவன் அம்மா அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். காரணம் விமானச் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டு. ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், 1013 வாக்கில், இந்தக் கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். பிரிப்பதற்கு முன் அதில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதி வைக்கச் செய்தான். அவன் காலம் முடிந்தது. மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், 1026 வாக்கில், புத்தகத்தைப் பார்த்துப் பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். சோழபுரத்தில் புதுத் தலைநகரம் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஆள், கல், பணம் எல்லாம் அங்கே தேவைப்பட்டிருக்கும். ஆனாலும் அப்பன் எழுதி வைத்த புத்தகத்தைத் தேடி எடுத்து, பழைய கொடையாளிகளின் கணக்கை இங்கே தீர்த்திருக்கிறார்கள்.

பதின்மூன்று ஆண்டு கழித்தும் வாக்கு நிறைவேறியிருக்கிறது. நூற்றுத் தொண்ணூறு ஆண்டாகியும் செங்கல் சுவர் பாக்கி நிற்கிறது. அந்தச் சுவரை இனி யாரும் கேட்கப்போவதில்லை. கீழணை மதகருகே ஒரு பலகையாவது வைக்கலாம். நீளமாக எழுத வேண்டாம்: இந்த அணையின் கல்லில் ஒரு பகுதி கங்கைகொண்ட சோழபுரம் கோயில் சுவரிலிருந்து எடுத்தது, 1836, ஊரார் தடுத்தார்கள். கோயிலில் இதே பலகைக்கு ஒரு ஜோடி நட்டால் அங்கே கேட்கிறவர்களுக்கும் பதில் ஆயிற்று. அணை நீர்வளத் துறையிடம் இருக்கிறது, கோயில் மத்தியத் தொல்லியல் துறையிடம். பலகைச் செலவு யாருடையது என்று அவர்கள் இருவரும் பேசி முடிக்கட்டும்.