லினக்ஸ் போட்டாச்சு... ஸ்க்ரீன் ஏன் கறுப்பா இருக்கு?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ‘சரி, 11-க்கு மாறிடலாம்’ என்றால், இன்டெல்லின் 8-வது தலைமுறைக்கு முந்தைய சிப் உள்ள லேப்டாப்களை அது பெரும்பாலும் உள்ளேயே விடுவதில்லை. லேப்டாப் என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. பிள்ளைகள் அதில்தான் அசைன்மென்ட் செய்கிறார்கள். புதிது வாங்கக் கையில் காசு இல்லை. இந்த நேரத்தில்தான் யாராவது ஒரு புண்ணியவான் வந்து, “லினக்ஸ் போடு, ஃப்ரீ!” என்பார்.

போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் வினை. திரை முழுக்கக் கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டும். உடனே ‘லேப்டாப்பே போச்சு’ என்று சர்வீஸ் கடைக்கு ஓடாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லாகின் கேட்கும் எழுத்துத் திரை வந்தால், சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது. படம் காட்டும் பகுதி மட்டும்தான் மக்கர்.

ஏன் இப்படி? விண்டோஸ் என்பது மண்டபக்காரரே பந்தி, மேளம், டெகரேஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கல்யாணம். லினக்ஸில் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள். லினக்ஸ் என்பதே உண்மையில் ‘கெர்னல்’ எனும் அடித்தளம் மட்டும்தான். கிராஃபிக்ஸ் சிப்போடு பேச ஒரு டிரைவர், திரையில் வரைய எக்ஸ்11 அல்லது வேலேண்ட், பாஸ்வேர்டு கேட்க ஒரு லாகின் மேனேஜர், அதற்கும் மேலே மெனு, ஐகான் எல்லாம் காட்டும் க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ மாதிரியான டெஸ்க்டாப். பெரும்பாலும் வேறு வேறு குழுக்கள் எழுதியவை. சமையல்காரர் வரவில்லை என்றால் மேளம் இருந்து என்ன பயன்? உபுண்டு, மின்ட் போன்றவை இவர்களையெல்லாம் கூட்டி வரும் கான்ட்ராக்டர்கள். ஃப்ரீபிஎஸ்டி மாதிரி சில சிஸ்டம்கள் எழுத்துத் திரையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ‘மீதியை நீயே பார்த்துக்கோ’ என்பவை. முதல்முறை முயற்சி செய்பவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

90-களில் இன்னும் மோசம். மானிட்டரின் அதிர்வெண்ணைத் தேடிப்பிடித்து ஒரு ஃபைலில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் மானிட்டரே கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கை வேறு!

இப்போதைய தலைவலிக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்: என்விடியா. 2012-ல் பின்லாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தைத் திட்டி, கேமராவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். எந்த விரல் என்று குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. 2022-ல் என்விடியா தன் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்த மூலமாக்கியது. ஆனால், அது 2018 முதல் வந்த சிப்களுக்குத்தான். நம் பழைய லேப்டாப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எனவே, ‘இன்ஸ்டால்’ பட்டனைத் தொடும் முன்பு போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா? மூடித் திறந்தால் படம் திரும்ப வருகிறதா? வைஃபை எடுக்கிறதா? இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு ஒரு வாரம் மிச்சமாகும்.

கறுப்புத் திரை வந்தால், ஆரம்பத்தில் வரும் பூட் மெனுவில் கீபோர்டின் ‘இ’ எழுத்தை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களைச் சின்ன எழுத்தில் ஒட்டி எழுதி, எஃப்10 அழுத்துங்கள். பெரும்பாலும் படம் வந்துவிடும். இது தற்காலிக வழிதான். உள்ளே போனதும் ‘டிரைவர் மேனேஜர்’ பரிந்துரைக்கும் டிரைவரைப் போட வேண்டும்.

அங்கேதான் இன்னொரு கண்ணி. லேப்டாப்பில் செக்யூர் பூட் ஆனில் இருந்தால், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் வந்து நிற்கும். அதில் ‘என்ரோல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். ஏதோ எரர் என்று நினைத்துத் தாண்டிவிட்டால் டிரைவர் வேலை செய்யாது.

4 ஜிபி ரேம்தான் என்றால், மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். பார்க்கக் கொஞ்சம் பழசாக இருக்கும், ஆனால் இழுக்காது.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்கள் ஞாபகம் இருக்கிறதா? அவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. வாங்கிய மாணவர் யாரும் டிரைவர் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த மாடலுக்கு ஏற்றபடி முன்கூட்டியே போட்டுக் கொடுத்திருந்தார்கள். விண்டோஸுக்கும் கடையில் அதேதான் நடக்கிறது. நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

டெஸ்க்டாப் வந்தாச்சு, தமிழில் டைப் செய்வது எப்படி? தமிழ்99 இதில் உண்டு. ஆனால், அதை ஆன் செய்யும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கே தனியாக ஒரு வாரம் வேண்டும். அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.