சார்ட்டுக்கு மார்க்... சிந்தனைக்கு முட்டையா? சமூக அறிவியல் பாடத்தில் நடப்பது என்ன?

"அம்மா... நாளைக்கு சார்ட் கொண்டு போகணும். இல்லாட்டி மார்க் கெடையாது!"

ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளை இப்படிக் கேட்க, வேலை முடிந்து வந்த கால் வலியோடு கடைக்கு ஓடும் பெற்றோர் ஊருக்கு ஊர் உண்டு. ரெடிமேட் படம், கலர் பிரின்ட் என அன்றைய கூலியில் ஒரு பங்கு காலி. மார்க் வந்துவிடுகிறது. பாடம் வந்ததா என்பதுதான் கேள்வி.

மனப்பாடத்தைக் குறைக்கத்தான் இந்த முறையே வந்தது. பிள்ளைக்குப் புரிந்ததா, புரிந்ததைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்கிறது 2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். தமிழகத்தில் 2012-13ல் 8ம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, பருவத் தேர்வுக்கு 60, வகுப்பறைச் செயல்பாடு, சிறு தேர்வுகளுக்கு 40 என மார்க் பிரிக்கப்பட்டது.

அந்த 40 மார்க்கில்தான் சிக்கல். 6ம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் உள்ளாட்சி அமைப்புகள் பாடம் இருக்கிறது. அதே பருவத்தில்தான் ஜனவரி 26 கிராம சபைக் கூட்டமும் வருகிறது. பிள்ளை அங்கே போய், தெருவிளக்கு, குடிநீர் பற்றி யார் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று நாலு வரி எழுதினால் அதுதான் பாடம். ஆனால் பல இடங்களில் கிராம சபை படம் ஒட்டிய சார்ட்டே போதும் என்று ஆகிவிடுகிறது. பளபளப்புக்கு மார்க். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத் தனி மார்க் இல்லை.

பத்தாம் வகுப்புக்குப் போனால் அதுவும் கிடையாது. அறிவியலுக்காவது செய்முறைக்கு 25 மார்க் உண்டு. சமூக அறிவியலுக்கு 100 மார்க்கும் எழுத்துத் தேர்வுதான். எதற்கு மார்க்கோ அதைத்தானே பிள்ளை படிக்கும்? ஆண்டு, பெயர், 'கோடிட்ட இடம்' எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. சொந்த ஊர் வார்டு உறுப்பினர் யார் என்றால் முழிக்கிறது!

ஆசிரியர் மீது மட்டும் பழி போடுவதும் நியாயம் இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், நிரப்ப வேண்டிய பதிவேடு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரம்... இதற்கு நடுவே ஒவ்வொரு பிள்ளையையும் பேச வைத்துக் கேட்க நேரம் எங்கே? சார்ட் என்றால் பார்த்ததும் மார்க் போட்டுவிடலாம்.

செலவே இல்லாத வழியும் இருக்கிறது. ரேஷன் கடை, வாரச்சந்தை, ஊர்க் கண்மாய் என்று பிள்ளைக்குத் தெரிந்த இடத்தைக் கொடுத்து, "என்ன பார்த்தே? ஏன் அப்படி?" என்று ரெண்டே கேள்வி. பதிலுக்கு மார்க். நோட்டில் ஒரு பக்கம் போதும்.

வீட்டிலும் அதையே செய்யலாம். சார்ட் ஒட்டி முடித்ததும், "இதுல என்னடா இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாலே தெரிந்துவிடும். 18 வயதில் ஓட்டுப் போடப் போகிற பிள்ளை. அப்போது கையில் சார்ட் இருக்காது!