கூண்டு காக்குமா குலத்தை?

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில், வால்ட் டிஸ்னி உலகம் என்னும் புகழ்பெற்ற கேளிக்கை நகரின் எல்லைக்குள், பே ஏரி என்றொரு நீர்நிலை உள்ளது. அதன் நடுவே ஏறத்தாழ 11 ஏக்கர் அளவுள்ள சிறு தீவு ஒன்று ஆளரவமற்றுக் கிடக்கின்றது. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் 'புதையல் தீவு' என்னும் பெயருடன் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் 'கண்டுபிடிப்புத் தீவு' எனப் பெயர் மாறிற்று. சரியாக 25 ஆண்டுகள் விலங்குக் காட்சித் தீவாக விளங்கியபின், 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அதன் வாயில் அடைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அதே நிறுவனம் மிகப் பெரிய விலங்குப் பூங்கா ஒன்றைத் திறந்திருந்தமையால், சிறிய தீவு வேண்டாப் பொருளாயிற்று.

அத்தீவுக்கு அந்நாளில் சென்று வந்தோர் இன்றும் அதனை உருக்கத்தோடு நினைவுகூர்வர். படகேறிச் சென்றது, மரநிழலில் வளைந்து செல்லும் நடைபாதை, தலைக்கு மேல் பறந்த செந்நிற அரிவாள்மூக்கன், வண்ணக்கிளிகள், அசையா மலைபோல் கிடந்த பேராமைகள், கரையில் சாய்ந்து நின்ற பழங்கப்பல் என ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெருமூச்சு விடுவர். பாழடைந்த கூண்டுகளையும் கொடி படர்ந்த கட்டடங்களையும் காட்டி, "எத்துணை அழகிய இடம் இப்படி அழிந்ததே!" என வருந்துவர். இளமையை நினைத்து ஏங்குவது மனித இயல்பு; அதனைக் குறை கூறுவார் இல்லர். ஆயினும் அழியக்கூடாதது எது, அழிந்தது எது என்று அறியாமல் சிந்தும் கண்ணீரால் யாருக்கு என்ன பயன்?

அத்தீவில் உண்மையாகவே அழிந்துபோனது ஒரு பறவைக் குலம். 'டஸ்கி' கடலோரச் சிட்டு எனப்படும் கருநிறச் சிறு பறவை அது. புளோரிடாவின் பிரெவார்ட் மாவட்டத்து உவர்ச் சதுப்பு நிலங்களே அதன் ஒரே தாயகம். தாழ்ந்து வளரும் சதுப்புப் புல்லில் கூடு கட்டி, அப்புல்லைவிட்டு நெடுந்தொலைவு செல்லாமல் வாழ்ந்த எளிய உயிர் அது. 1940களில் கொசுவை ஒழிக்க டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. பின்னர், ஈரச் சேற்றில் முட்டையிடும் கொசுக்கள் தேங்கிய நீரில் பெருகமாட்டா என்று கண்டு, மெரிட் தீவின் சதுப்பைச் சுற்றி அணை எழுப்பி நீரைத் தேக்கினர். கொசு குறைந்தது, உவர்ப் புல்லும் மடிந்தது, அதனோடு சிட்டின் கூடும் போயிற்று. அருகிலேயே விண்வெளி நிலையம் எழுந்தது. எஞ்சிய செயின்ட் ஜான்ஸ் ஆற்றுச் சதுப்பை ஒர்லாண்டோ நகரையும் கடற்கரையையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஊடறுத்தது. வாய்க்கால்கள் நீரை வடித்தன; காய்ந்த புல்லில் தீ மூண்டது.

சட்டம் உறங்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. அழிவின் விளிம்பில் உள்ள உயிர்கள் என அமெரிக்க அரசு 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற் பட்டியலிலேயே இச்சிட்டின் பெயர் இருந்தது. அதற்கென நிலமும் வாங்கப்பட்டது. ஆனால் வாங்கிய நிலத்தின் நீரையும் நெருப்பையும் ஆளும் ஏற்பாடு உரிய காலத்தில் அமையவில்லை. 1975ஆம் ஆண்டிற்குப் பின் பெண் சிட்டு ஒன்றும் எவர் கண்ணிலும் படவில்லை. அதன் பிறகே வலையோடு புறப்பட்டனர்; ஆண் பறவைகள் மட்டும் சிக்கின. வேறு கிளையைச் சேர்ந்த பெண் சிட்டுகளோடு சேர்த்து வம்சத்தை மீட்கலாம் என்று அறிஞர் கூறியபோது, கலப்பினக் குஞ்சுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று காரணம் காட்டி அதிகாரிகள் காலம் கடத்தினர். 1983ஆம் ஆண்டில் எஞ்சிய 4 ஆண் சிட்டுகளும் கண்டுபிடிப்புத் தீவை அடைந்தன. காலில் செம்மஞ்சள் வளையம் பூண்டிருந்த கடைசிச் சிட்டு, 1987ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் உயிர் நீத்தது. 1990இல் அக்குலம் அற்றுப்போனதென அரசே அறிவித்தது.

"தீவு தன்னால் இயன்றதைச் செய்ததே" என்பார் உளர். உண்மைதான். முதிய பறவைகளுக்கு உணவும் பரிவும் அளித்தவர்கள் மேல் குற்றமில்லை. குற்றம், கூண்டைக் காட்டி மனச்சான்றை உறங்க வைக்கும் எண்ணத்தின் மேலது. பெண் இல்லாத குலத்திற்கு மாளிகை அளித்தால் என்ன, மரப்பெட்டி அளித்தால் என்ன? "அது தனி இனமன்று, ஒரு கிளையினமே, அதன் மரபணு ஏனைய அட்லாண்டிக் கரைச் சிட்டுகளின் மரபணுவோடு ஒத்திருந்ததாக 1989ஆம் ஆண்டு ஆய்வு கூறிற்றே" என்பாரும் உளர். ஒரு மொழியின் வட்டார வழக்கு அழியும்போது, மொழிதான் இருக்கின்றதே என்று தமிழறிந்தோர் அமைதி கொள்வரோ? "மனித நலத்திற்காகக் கொசுவை ஒழிக்க வேண்டாமோ?" என்பது மூன்றாம் வாதம். ஒழிக்கலாம், ஆயினும் சதுப்பு முழுவதையும் மூழ்கடிக்குமுன் அதில் வாழ்வன யாவை என்று எண்ணிப் பார்க்க ஒருவரும் இல்லாமற்போனதே அறியாமை.

இஃது எங்கோ நடந்த கதை என்று மலேசிய வாசகர் புறந்தள்ள இயலாது. சபா மாநிலத்தின் தாபின் காப்பகத்தில் இதே நாடகம் மீண்டும் நடந்தேறியது. காட்டில் ஒன்றையொன்று காணமுடியாத அளவுக்குச் சுமத்திராக் காண்டாமிருகங்கள் அருகிய பின்னரே அவை பிடிக்கப்பட்டன. கடைசி ஆணான தாம் 2019ஆம் ஆண்டு மே 27ஆம் நாளும், கருப்பைக் கட்டிகளால் துன்புற்ற கடைசிப் பெண்ணான இமான் அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாளும் மாண்டன. மருத்துவர் இருந்தனர்; வேலி இருந்தது; அன்பும் இருந்தது. காலம் மட்டும் இல்லை. இன்று அவ்விலங்கு இந்தோனேசியாவில் மட்டுமே எஞ்சியுள்ளது. மலேசியாவில் எஞ்சியவை உறைநிலையில் காக்கப்படும் உயிரணுக்களே.

அடுத்த முறை வரிசையில் நிற்பது எது? நாட்டுச் சின்னத்தில் இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் புலியே. மலாயாப் புலிகள் காட்டில் 150க்கும் குறைவாகவே உள்ளன என்று 2022இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு கூறிற்று. விலங்குக் காட்சிச்சாலைக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துச் சென்று, கூண்டுப் புலியைக் காட்டி, "பார், புலி பாதுகாப்பாக உள்ளது" என்று கற்பிக்கும் ஆசிரியர், அறியாமலே பொய் கற்பிக்கின்றார். அப்புலியின் காடு எங்கே, அக்காட்டை ஊடறுக்கும் சாலை எது, கண்ணி வைப்போர் யார் என்னும் வினாக்களே கற்பிக்கத் தக்கவை.

பே ஏரித் தீவின் பாழ்பட்ட கூண்டுகளுக்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. கூண்டுகளை மீண்டும் கட்டலாம்; பணம் இருந்தால் ஓராண்டில் முடியும். கைவிடப்பட்ட இடம் அத்தீவன்று. அங்கிருந்து கிழக்கே, அணை கட்டி மூழ்கடிக்கப்பட்ட சதுப்புநிலமே. ஆயிரக்கணக்கில் இருந்த நாளில் காக்கப்படாத உயிர், ஒன்றே ஒன்றாய் நிற்கும் நாளில் எத்தீவிலும் காக்கப்படுவதில்லை.