பறையும் கிதாரும் நமக்கு அந்நியமா?

திரைப்படம் ஒன்றுதான் தமிழனுக்கு இசையைத் தரும் என்றாகிவிட்ட நாட்டில், திரையின் தயவை நாடாமல் தம் பாட்டைத் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே மேடையேற்றும் குழுக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவற்றுள் ஒன்று 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் சென்னைக் குழு. 'சாதியற்றோர் கூட்டம்' என்று நாம் அதனைத் தமிழில் அழைக்கலாம். இக்குழு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடல்களை நம் வீட்டு இளைஞர்கள் கைப்பேசியில் கேட்கின்றார்கள். நம் பெரியவர்களோ, "இது என்ன இரைச்சல்? இது நம் பண்பாடா? இது நம் மார்க்கத்துக்கு அடுக்குமா?" என்று வினவுகின்றார்கள். வினாவை எழுப்பியவர்கள் விடையைக் கேட்கவும் கடமைப்பட்டவர்கள். அவ்விடையைக் கூறவே இக்கட்டுரை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுவோம். திரைப்பட இயக்குநர் பா.இரஞ்சித்தும், இசையமைப்பாளர் தென்மாவும் 2017இல் இக்குழுவைத் திரட்டினார்கள். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இது முதன்முதலாக மேடையேறியது. அன்று அதில் இருந்தவர்கள் 19 பேர். பெரும்பாலோர் வடசென்னைத் தெருக்களிலே சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் கானா பாடிப் பழகியவர்கள். பறை, சட்டி, கட்டமோளம், தவில் ஆகியவை ஒருபுறம். மின்கிதாரும் டிரம்ஸும் மறுபுறம். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுகின்றன. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து பெறப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் 1891ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் எந்தச் சாதிப் பெயரையும் ஏற்காது தம்மைச் சாதியற்றவர்களாகவே பதிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்திய பெருமகன் அவர்.

இனி, எதிர்ப்புரைகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

"கிதார் மேனாட்டுக் கருவி; ராக் மேனாட்டுக் கூத்து" என்பது முதற் குற்றச்சாட்டு. கிதார் என்னும் சொல் கிரேக்கத்திற் பிறந்து, அரபியரின் 'கீஸாரா' வழியாகவே ஸ்பெயின் நாட்டை அடைந்தது. ஐரோப்பியர் 'லூட்' என்றழைக்கும் நரம்புக் கருவியின் பெயர் அரபியரின் 'அல்ஊத்' என்பதன் திரிபே. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து குர்துபா சென்று அந்நகருக்கு இசையும் நாகரிகமும் கற்பித்த ஸிர்யாபை அறியாதார் நம்முள் யார்? ராக் இசையின் வேரும் வெள்ளையர் மாளிகையில் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலப் பருத்திக் காடுகளில் சாட்டையடிபட்ட கறுப்பின மக்களின் புலம்பலாகிய புளூஸில் அது இருக்கின்றது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டு செல்லப்பட்ட அம்மக்களில் முஸ்லிம்களும் கணிசமாக இருந்தனர். வயல்வெளிகளில் அவர்கள் எழுப்பிய நீண்ட குரலில் பாங்கோசையின் சாயல் கேட்கிறது என்று சில்வியான் தியூஃப் என்னும் வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அடிமைகளின் கண்ணீரிலே பிறந்த இசையை 'மேனாட்டார் கூத்து' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவது அறியாமை.

"கானா தாழ்ந்தோர் பாட்டு, சேரிப் பாட்டு" என்பது இரண்டாம் குற்றச்சாட்டு. இதைக் கூறும் நம்மவரைக் கண்டு நகைப்பதா, அழுவதா? 'கானா' என்பதே உருது மொழியில் பாட்டைக் குறிக்கும் சொல். கானாவின் முன்னோர் யாவர் என்று வடசென்னைப் பாடகரைக் கேட்டுப் பாருங்கள். சித்தர்களோடு சேர்த்து அவர்கள் கூறும் பெயர் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களுடையது. தொண்டிக்கு அருகே குணங்குடியிற் பிறந்து, செல்வத்தையும் சுற்றத்தையும் துறந்து, சென்னை இராயபுரத்துக் காட்டிலே வந்தமர்ந்து, 1838இல் அங்கேயே அடங்கிய ஞானியார் அவர். தொண்டியிலிருந்து வந்த அப்பெரியாரைத் தொண்டியார் என்று மக்கள் அழைத்தமையாலேயே தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் போன்ற புலவர் பெருமக்கள் அவர்மீது பாமாலை சூட்டினர். மீனவரும் துறைமுகக் கூலிகளும் வண்டியோட்டிகளும் அவர் பாடல்களைத் தங்கள் பாடல்களாக ஏற்றனர். நாமோ அவரை இலக்கிய மாநாட்டு மலரில் அடைத்துவிட்டோம். தெருவில் அவர் பாட்டின் வாரிசு பறையோடு வந்து நின்றால், "யாரப்பா நீ?" என்று கேட்கின்றோம்.

"பாட்டிலே அரசியல் எதற்கு?" என்பது மூன்றாவது. இசைமுரசு நாகூர் ஈ.எம்.ஹனீஃபா அவர்களை ஏற்றுக்கொண்ட சமுதாயம் இதனைக் கேட்கலாமா? 2015இல் மறையும் வரை அவரைத் தமிழகம் இரண்டு காரணங்களுக்காகப் போற்றியது. ஒன்று இறைவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் புகழ்ந்த பாட்டு. மற்றொன்று திராவிட முன்னேற்றக் கழக மேடையில் முழங்கிய பாட்டு. அன்று அரசியலும் பக்தியும் ஒரே தொண்டையிலிருந்து எழுந்தபோது நம் காதுகள் கூசவில்லை. இன்று ஒடுக்கப்பட்டவன் தன் வாழ்வைப் பாடும்போது மட்டும் ஏன் கூசுகின்றன?

"மார்க்கம் இசைக்கருவியை அனுமதிக்கிறதா?" என்பது நான்காவது. இது கனமான வினா. ஆலிம் பெருமக்களிடையே இதில் கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உண்டு. தீர்ப்பு வழங்கும் தகுதி இக்கட்டுரைக்கு இல்லை. எந்தக் கருவியின் ஒலியும் வேண்டாவென்று மனச்சான்றோடு ஒதுங்கி வாழும் பேணுதலாளரோடு நமக்கு வழக்கேதும் இல்லை. அவர் நம் மதிப்பிற்குரியவர். வீட்டுத் தொலைக்காட்சியில் காலை முதல் இரவு வரை திரைப்பாட்டு ஒலிக்கும்போது வாய்மூடியிருந்து, பறையின் ஒலி கேட்டவுடன் மட்டும் மார்க்கம் நினைவுக்கு வருகிறதே சிலருக்கு, அவரோடுதான் நமக்கு வழக்கு. அவரை உறுத்துவது கருவி அன்று. அக்கருவியைப் பிடித்திருக்கும் கை.

இனிப் பாடல்களுக்கு வருவோம். 'வடசென்னை' பற்றிய பாட்டு, திரைப்படங்கள் ரௌடிகளின் பேட்டையாகவே காட்டிவந்த ஒரு பகுதியை உழைப்பாளிகளின் ஊராக நிமிர்த்தி வைக்கிறது. மாட்டுக்கறியைப் பற்றிய பாட்டு, அடுத்தவன் உணவுத் தட்டை எட்டிப் பார்க்கும் அதிகாரத்தை எள்ளி நகையாடுகிறது. 2015 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்துத் தாத்ரியில், மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்ற ஐயத்தின் பேரில் ஒரு முஸ்லிம் குடும்பத் தலைவர் வீடு புகுந்து கொல்லப்பட்டார். அந்தத் துயரின்போது நம் மேடைகள் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றின, நன்று. ஆயினும் தமிழ்நாட்டில் அச்செய்தியைத் தெருவில் நின்று பாட்டாகப் பாட முன்வந்தவர்கள் யார்? நாம் அல்லர். நாம் 'இரைச்சல்' என்று ஒதுக்கும் இப்பிள்ளைகள்.

'கோட்டா' என்னும் பாட்டு இடஒதுக்கீட்டின் நியாயத்தை விளக்குகிறது. "தகுதி போய்விடும்" என்னும் பழம்பல்லவிக்கு நேருக்கு நேர் விடை தருகிறது. இப்பாட்டைக் கேட்டு முகம் சுளிக்கும் நம்மவர்கள், 2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும் 3.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்பதையும், அந்த ஏணியில் ஏறித்தான் தங்கள் பிள்ளைகள் பலர் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆயினர் என்பதையும் மறவாதிருப்பார்களாக.

குறைகளே இல்லையா? உண்டு. 'கோட்டா' போன்ற பாட்டில் கவிதை பின்வாங்கி, துண்டறிக்கை முன்னே வந்துவிடுகிறது. வாதம் வெல்கிறது, பாட்டு சற்றே களைக்கிறது. மின்கிதாரின் முழக்கம் சில இடங்களில் சட்டியின் நுண்மையை விழுங்கிவிடுகிறது; எவருடைய குரலைக் கேட்கச் செய்யக் குழு தோன்றியதோ, அந்தக் குரலே அங்கே தேய்கிறது. தொடக்கத்தில் 19 பேரில் பெண் ஒருவரே என்பதும் சமத்துவம் பேசும் குழுவுக்கு அழகன்று. அந்த ஒரு பெண்ணாகிய இசைவாணி, ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் தம் குரலால் இடம்பிடித்து, 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார் என்பது அவர் பெருமை. அக்குறைக்கு அது ஈடாகாது. இவ்வாறு குறைகூறுவது திறனாய்வு. கேளாமலே பழிப்பதற்குத் திறனாய்வு என்று பெயரில்லை.

இப்பொழுது நெஞ்சைத் தொட்டுப் பேசுவோம். இப்பாடல்கள் நம்மைச் சுடுவதற்குக் காரணம் மெட்டும் இல்லை, மேளமும் இல்லை. 'சாதியற்றோர்' என்னும் அந்தப் பெயரே நம்மைச் சுடுகிறது. அது நாம் உரிமை கொண்டாடும் பெயர். அரபிக்கு அரபியல்லாதவரைவிடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவோ இறையச்சத்தாலன்றி உயர்வில்லை என்று அண்ணலார் (ஸல்) இறுதிப் பேருரையில் அறிவித்தார்கள். பாங்கு சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டபோது, குறைஷிப் பெருந்தலைவர்கள் பலர் இருக்க, அபிசீனிய அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்களின் குரலையே தேர்ந்தார்கள். மீலாது மேடைதோறும் இவற்றை முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் என்ன செய்கிறோம்?

ரமலான் இரவுகளில் தாயிரா தட்டிப் பாடி நம்மைச் சஹருக்கு எழுப்பும் பக்கீர்சாவுக்குப் பெருநாளன்று சில்லறை கொடுக்கிறோம். நம் பந்தியில் பக்கத்து இருக்கை கொடுக்கிறோமா? நம் பிள்ளைகளுக்கு முடிவெட்டிய குடும்பத்தில் பெண்ணெடுக்கிறோமா? "இவர் எந்த வகையறா?" என்று நிக்காஹ் பேசும்போது கேட்காத ஊர் எத்தனை? 1981 பிப்ரவரியில் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதிர்ந்தது. இதழ்கள் எழுதின, தலைவர்கள் பறந்து வந்தனர். அவர்கள் பணத்துக்காக வந்தார்கள் என்று பிறர் பழித்தபோது நாம் கொதித்தோம். சமத்துவத்துக்காக வந்தார்கள் என்றோம். அந்தச் சமத்துவத்தைத் தொழுகை அணியில் தந்தோம், உண்மை. சம்பந்தத்தில் தந்தோமா? விடையை ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டித் தானே கூறிக்கொள்ளட்டும்.

மதம் மாறிய தலித்துக்குப் பட்டியலின உரிமையை மறுக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து நாம் வாதிடுகின்றோம். அதற்கு நாம் தரும் காரணம், மதம் மாறியபின்னும் சாதிக்கொடுமை தொடர்கிறது என்பதே. அவ்வாறானால் அது எங்கே தொடர்கிறது? வெளியிலே மட்டுமா? நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்வதை வீட்டுத் திண்ணையில் மறுப்பது என்ன நேர்மை?

புதுச்சேரி மண்ணில் வாழும் நமக்கு இதில் கூடுதல் பாடமும் உண்டு. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் காலணி அணிந்து பிரெஞ்சு நீதிமன்றத்தில் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரிஸ் வரை வழக்காடி வென்றார். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, விரும்புவோர் தம் பழைய குல வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரவும் புதுக் குடும்பப் பெயர் சூடவும் வழி செய்தது. சாதிப் பெயரைத் தாளில் துறக்க முடியும் என்று இம்மண் கண்டுகொண்டது அன்று. தாளில் துறந்தது தெருவில் துறக்கப்படவில்லை என்பதையும் இம்மண்ணே கண்டது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையைப் பாருங்கள். இயந்திரத்தின் முன்னே எல்லாச் சாதி இளைஞரும் ஒரே சீருடையில் நிற்கின்றனர். ஆலைச் சங்கு ஊதியபின் அவரவர் தெருவுக்குப் பிரிகின்றனர். எட்டு மணி நேரச் சமத்துவத்தை இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் நீட்டுவது எப்படி என்பதே கேள்வி. நாளொன்றுக்கு ஐந்து வேளை தோளோடு தோள் நின்று தொழும் நாம் அதற்கு வழிகாட்டியிருக்க வேண்டியவர்கள். வழிகாட்டியது நாம் இரைச்சல் என்று பழித்த கூட்டம்.

ஆதலால் நம் குடும்பத்தாருக்குச் சொல்லுவது இது. இப்பாடல்களை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால், ஏன் பிடிக்கவில்லை என்று உங்கள் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு கூறுங்கள். அவர்கள் மறுமொழியையும் பொறுமையோடு கேளுங்கள். குணங்குடியாரின் பாடல்களை அலமாரியிலிருந்து இறக்கி, அவற்றைப் பாடத் தெரிந்த பக்கீர்மார்கள் மறையுமுன் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவிலே தாயிராவோடு ஒரு கிதார் சேர்ந்தால் வானம் இடிந்துவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த நிக்காஹ் பேச்சில் 'வகையறா' என்னும் சொல் எழும்போது எழுந்து நின்று மறுப்புச் சொல்லுங்கள்.

சாதியற்றவர் என்னும் பெயரை மேடையிலே சூடிக்கொள்ள அவர்களுக்கு ஒரு பறையும் ஒரு கிதாரும் வேண்டியிருந்தன. நமக்கோ அப்பெயர் கலிமாவோடு சேர்ந்தே வந்தது. வந்த சொத்தை வைத்துக் காத்தோமா, விற்றுத் தின்றோமா என்பதை நம் பெரியோர்கள் சிந்திப்பார்களாக!